காயாத நாற்பத்தோராவது பூச்சு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயிலுள்ள அத்தனை பற்கள்மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். எழுபத்து நான்கு வயதில் பொய் சொல்லி நான் சாதிக்கப்போவது ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லியும் இதுவரை ஒன்றும் சாதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நடந்து மூன்று வருடம் ஆகிறது. என் மனைவியின் தங்கை ஓவியம் வரைகிறவள். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வயது அறுபத்தொன்று, தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, ஆனாலும் சின்னவள்தான். அவள் வரையும் இடம் எங்கள் வீட்டுக் கார் ஷெட். "ஒரு மாசம் மட்டும் அத்தான், வேற இடம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி உள்ளே வந்தாள். அது பதினேழு வருடத்துக்கு முந்திய பேச்சு. அன்றிலிருந்து என் கார் வெளியே மரத்தடியில் நிற்கிறது. வாங்கும்போது அது நீல நிறம். மேலே குடியிருக்கும் பறவைகள் இரவு பகலாக உழைத்து அதை வேறு எதுவாகவோ மாற்றிவிட்டன. ஒருநாள் சின்னவள் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"இடது பக்கம் நல்லா வந்திருக்கு அத்தான்" என்றாள்.

அவள் படங்களில் மரம் இருக்காது, மனிதன் இருக்கமாட்டான், பழக்கூடை இருக்காது. பார்க்க வருகிறவர்கள் தயங்கித் தயங்கி, "இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்பார்கள். "பெயிண்ட் இருக்கு" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. அவளுக்குப் பதிலாக விளக்கம் சொல்லி வந்தவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் வேலை. எனக்கே தெரியாததை நான் நூறு பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

இந்தக் கதைக்குரிய படம் எட்டடி நீளம், ஆறடி அகலம். அதை அவள் செய்த முறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்து, இரண்டு மர ஸ்டாண்டுகளின்மேல் மேசைபோல் படுக்கப் போடுவாள். ஒரு பெரிய கண்ணாடித் தகட்டின்மேல் எண்ணெய் வண்ணத்தைக் குவித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, அகலக் கத்தியால் பிசைவாள். அதை அள்ளிக் கேன்வாஸ் முழுக்கத் தடவுவாள். பிறகு ஆறடிக்குமேல் நீளமுள்ள ஓர் அலுமினியப் பட்டை. அதன் விளிம்பில் ரப்பர். அதற்கு அவள் வைத்த பெயர் இழுவை. அதன் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடிக்க, எட்டடியையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். வண்ணம் மெல்லிய தோல்போலப் படிந்துவிடும். ஒரு பக்கம் வேகமானால் கோடு விழும். நின்றால் தழும்பு விழும். படிந்தது காயும்வரை காத்திருந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாதியை எடுத்துவிட்டு, அடுத்த பூச்சு. பாதியைத் தேய்த்து எடுக்கப்போகிறவள் ஏன் முழுதாகப் பூச வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூச்சுக்கு ஒரு விதியும் உண்டு. அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். "கீழ ஒல்லி, மேல குண்டு. மாத்திப் போட்டா வெடிச்சிரும் அத்தான்" என்பாள். எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து போன வருட போட்டோ வரை வரிசையாகப் பார்த்தால் என் மனைவியும் நானும் இந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்திருப்பது தெரியும்.

இழுவையின் மறுமுனை யார் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். என் மனைவிக்கு இடுப்பு வலி. எனவே நான். இரண்டு வருடத்தில் நாற்பது பூச்சு, நாற்பது இழுப்பு. ஒவ்வொரு முறையும் "அத்தான், வேகமா போறீங்க. அத்தான், இப்ப தூங்கிட்டீங்க. அத்தான், மூச்சு விடாதீங்க, கை ஆடுது." எப்போதுதான் மூச்சு விடுவது என்று கேட்டால், "கடைசியில" என்பாள். என் வயதில் ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இப்படி இருக்கையில் பெரிய கலைக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. முப்பது வருடமாக அவள் வருடாவருடம் விண்ணப்பம் போடுவாள், அவர்களும் வருடாவருடம் ஒரே வாசகத்தில் மறுப்பு அனுப்புவார்கள். அந்தக் கடிதங்கள் நல்ல கனமான தாள். கத்தி துடைக்க வசதி என்று அடுக்கி வைத்திருப்பாள். இந்தக் கடிதத்தையும் கத்தியோடு கையில் எடுத்தவள் பாதி துடைத்தபிறகுதான் படித்தாள். ஒரு சுவர் அவளுக்கு. ஒரே படம். ஆறு மாதம் தொங்கும். நிபந்தனை ஒன்றுதான். எடுத்துப்போக வரும் நாளில் படம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் அந்தச் சுவர் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும்.

அடுத்திருப்பவர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவளோடு கல்லூரியில் படித்தவர். முக்கோணம் தவிர வேறொன்றும் வரையமாட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே முக்கோணம். சின்னவள் அந்தக் கடிதத்தைத் துடைத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அன்று இரவு சாப்பிடும்போது, "அக்கா, இந்தத் தடவ போகலேன்னா நான் இனிமே எழுதிப் போடமாட்டேன்" என்றாள்.

நாற்பது பூச்சோடு படம் காய்ந்து, கல்போல இருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். எனக்கு இந்தக் கதையும் மிஞ்சியிருக்காது.

"இன்னும் ஒண்ணு வேணும்" என்றாள்.

"நாப்பது போதாதாடி?" என்றாள் என் மனைவி.

"முப்பத்தொம்பது வரைக்கும் பேசிக்கிட்டு இருந்துச்சு அக்கா. நாப்பதுல கத்துது. மேல மெல்லிசா ஒரு சாம்பல் போட்டா அடங்கிரும்."

"மிச்சம் இருந்தா இவருக்கும் ஒண்ணு போடு."

வண்டி வர இருபது நாள் இருந்தது. சாதாரணமாக எண்ணெய் வண்ணம் காய மாதக்கணக்காகும். ஆனால் சின்னவளிடம் டிரையர் என்ற ஒரு மருந்து உண்டு. கலவையில் கொஞ்சம் விட்டால் ஐந்தாம் நாள் விரல் வைக்கலாம். அந்த டிரையரைப் பெரிய டின்னிலிருந்து சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றி வைத்துக்கொள்வாள். புட்டிகள் எங்கிருந்து வந்தன என்றால், என்னிடமிருந்து. எனக்குக் கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லில் தீராத வலி. பல் டாக்டர் கிராம்புத் தைலம் கொடுப்பார், பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், ரப்பர் சொட்டுக்குழாயோடு. காலியானதும் சின்னவள் வாங்கிக் கழுவி வைத்துக்கொள்வாள். எதையும் தூக்கி எறிய மாட்டாள். ஆக, எங்கள் ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு புட்டி ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் அதே பல் டாக்டரின் பெயர், உள்ளே டிரையர். என் சட்டைப் பையில் ஒரு புட்டி, அதே டாக்டர் பெயர், உள்ளே தைலம். இதில் ஒரு நாள் என்ன நடக்கும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து வயது இருநூறுக்கு மேல். எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று காலை பல்லில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே ஷெட்டுக்குள் போனேன்.

"அத்தான், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கண்ணாடி நகருது, ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிங்க."

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றால் புட்டியை எங்கே வைப்பது? மேசைமேல், அவள் எடுத்து வைத்திருந்த டிரையர் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. கண் சாம்பல் கலவையில் இருந்தது. கை மேசையில் துழாவி அகப்பட்ட புட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி, நிதானமாக இரண்டு ஸ்பூன் அளந்து ஊற்றியது. வாசனை வந்திருக்குமே என்பீர்கள். டர்பென்டைனில் முப்பது வருடம் கை கழுவினவளுக்கு மூக்கு என்பது கண்ணாடி தாங்கும் இடம் மட்டும்தான். எனக்கோ பல் வலி. பல் வலிக்கும்போது உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

பிறகு இழுத்தோம். ஏழாவது அடியில் பல்லில் ஒரு வெட்டு வெட்டியது. கை துள்ளியது.

"அத்தான்."

"பல்லு."

"படம் அத்தான்."

"தெரியுது."

மேசையில் நின்ற புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஞ்சை நனைத்துப் பல்லில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு அட்டையாகிவிட்டது. உதடு உள்பக்கமாகச் சுருங்கியது. மாலைக்குள் வாய் பூட்டிக்கொண்டது, பிறகு மூன்று நாள் திறக்கவில்லை. ஸ்ட்ரா ஒன்றைப் பல்லிடுக்கில் செருகிப் பால் கொடுத்தாள் என் மனைவி. அந்த மூன்று நாளை அவள் இன்றும் ஆசையாக நினைவுகூர்வாள், மற்றவர்கள் சுற்றுலா போய்வந்ததைச் சொல்வதுபோல. நாலாம் நாள் வாய் திறந்தபோது பஞ்சைப் பல்லிலிருந்து எடுக்கச் சின்ன உளி வேண்டியிருந்தது. பல் டாக்டர்தான் தைலத்தை மாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி அவரை வைய ஆரம்பித்தேன்.

இந்தப் பக்கம் என் வாய் காய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கம் படம் காயவில்லை.

ஐந்தாம் நாள் சின்னவள் விரல் வைத்தாள். சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆறாம் நாளும் வந்தது. படுக்கக் கிடந்தால் தூசி விழுகிறது என்று தூக்கிச் சுவரில் சாத்தினோம். நாலு மின்விசிறி வைத்தோம். விசிறிகள் தெருத் தூசி முழுவதையும் கொண்டுவந்து ஒட்டின. பூதக்கண்ணாடியும் சாமணமும் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முடி உலர்த்தும் கருவியைக் காட்டினோம். என் மனைவி இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். சின்னவள் பார்த்த பார்வையில் பெட்டி தானாகவே ஆறிப்போனது. ராத்திரி விளக்கைச் சுற்றிய விட்டில்களெல்லாம் வந்து படத்தில் உட்கார்ந்து எழுந்து போயின. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் பிறந்த பட்டாம்பூச்சிகள் அத்தனையும் சாம்பல் நிறம்.

சாத்தி வைத்ததில் இன்னொரு தொல்லை. பூச்சு கீழே வழிய ஆரம்பித்தது. தடித்த ஒரு விளிம்பாகத் திரண்டு, அவசரமில்லாமல், மேலிருந்து கீழே இறங்கியது. அடிவிளிம்புக்கு வருவதற்குள் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது அது வந்த வழியே திரும்ப இறங்கும். காலை ஆறுக்கு ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை. யார் திருப்புவது? மறுமுனை நான். எட்டடிப் படம், தொடக்கூடாத முகம், எழுபது தாண்டிய முதுகு.

நாலைந்து நாள் கழித்து ஒன்று கவனித்தேன். அந்த விளிம்பு எட்டடியைக் கடக்க மிகச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்தது. சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் பன்னிரண்டு கோடு போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. "மணி என்னங்க?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்பாள், நான் ஷெட்டை எட்டிப்பார்த்து, "மூணே கால், கொஞ்சம் கூட" என்பேன். விஷயம் தெருவில் பரவியது. சலூன்காரர் ஆள் அனுப்பி மணி கேட்டார். எதிர்வீட்டில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்றும் திருத்துவதை விடாதவர். அவர் கைக்கடிகாரத்தோடு வந்து அரை மணி நேரம் முன்னால் நின்றார்.

"நாலு நிமிஷம் ஸ்லோ" என்றார்.

மறுநாள் காலை மறுபடி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. ரயில் நிலையத்துக்குப் போய்ச் சரிபார்த்தாராம். "என் வாட்ச்தான் நாலு நிமிஷம் ஃபாஸ்ட்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தினமும் வந்து படத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு போவார்.

எனக்கு இதில் ஒரு பெருமை வந்துவிட்டது என்று மறைக்காமல் சொல்கிறேன். சின்னவளுக்கு அதெல்லாம் இல்லை. நாற்காலியைப் போட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஈரக்காற்று என்றாள். எண்ணெய் கலப்படம் என்றாள். கேன்வாஸ் என்றாள். ஒருநாள் நான் பக்கத்தில் நின்று அதிகமாக மூச்சு விடுகிறேன் என்றாள். கடைசியில் எதையும் குறை சொல்வதை விட்டுவிட்டாள். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. தன் இரண்டு கையையும் மடியில் போட்டு, யாருடைய கையோபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினேழாம் நாள் வாத்தியார் கடிகாரத்தைச் சரிசெய்ய வந்தவர் மூக்கைச் சுளித்தார். இரண்டடி முன்னால் போனார். படத்தை முகர்ந்தார்.

"ஏன் சார், படத்துக்குப் பல் வலியா?"

"என்னது?"

"கிராம்பு மணக்குதே. எங்க மாமனாருக்குப் பல் வலி வந்தா வீடே இப்படித்தான் மணக்கும்."

என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. புட்டியை எடுத்துத் திறந்து முகர்ந்தேன். பெயிண்ட் கடை வாசனை. என் வாய் மூன்று நாள் பூட்டியது, படம் பதினேழு நாள் காயாதது, இரண்டும் அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்தன. வாத்தியாரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், மணி சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேரே சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"இப்பவே போய் அவகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

"அவ மூடு நல்லா இருக்கறப்ப."

"அவ மூடு நல்லா இருக்கணும்னா படம் காயணும். படம் காயாதது உங்களாலதான். அப்ப எப்படிங்க மூடு நல்லா இருக்கும்?"

பெண்கள் எதையும் இப்படி வளையம் போட்டு நம்மை நடுவில் நிறுத்திவிடுவார்கள். அன்று மூன்று முறை ஷெட் வாசல்வரை போனேன். முதல் முறை, "காபி குடிக்கிறியா?" என்றேன். இரண்டாம் முறையும் அதையேதான் கேட்டேன். மூன்றாம் முறை அவளே, "வேணாம் அத்தான்" என்று முந்திக்கொண்டாள்.

இருபதாம் நாள் காலை வண்டி வந்துவிட்டது. கலைக்கூடத்திலிருந்து சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், கூட ஓர் அதிகாரி. அவர் வேலை படத்தைத் தொட்டுப் பார்ப்பது. அதற்கென்று படித்திருக்கிறார். வெள்ளைப் பருத்திக் கையுறை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்து, படத்தின் கீழ்மூலையில் சுட்டுவிரலை வைத்து எடுத்தார். நுனி சாம்பல்.

"இன்னும் ஈரமா இருக்குங்க அம்மா" என்றார். அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் வண்டியில் வந்திருந்தார்.

சின்னவள் தலையை ஆட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வழி இருக்கு. ஈரமாவே தொங்கவிடலாம். கீழ ஒரு தட்டு வச்சு, காய மறுக்கும் ஓவியம்னு ஒரு அட்டை எழுதிடலாம். இப்ப அதெல்லாம் நல்லா எடுபடுது. சார் தினம் ரெண்டு தடவ திருப்புறாராமே, அதையும் பார்வையாளருக்கு முன்னால செய்யலாம்" என்றார்.

ஆறு மாதம், காலையும் மாலையும், கூட்டத்துக்கு நடுவில் படம் புரட்டும் கிழவனாக என்னை நான் கற்பனை செய்து பார்த்தேன். முதுகில் ஒரு நரம்பு பிடித்தது.

"வேணாங்க" என்றாள் சின்னவள். "நான் நெனச்சுப் பண்ணியிருந்தா சரி. இது தப்பாப் போனது. தப்புக்குப் பேர் வச்சுத் தொங்கவிடறதுல எனக்கு இஷ்டமில்ல. முப்பது வருஷமா கலக்குற கலவை இது. கை மறந்துருச்சு. அந்தச் சுவர அவருக்கே குடுத்துருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தான், இத்தோட போதும். நாளைக்கு ஷெட்ட காலி பண்ணிக் குடுத்துடறேன்" என்றாள்.

பதினான்கு வருடம் நான் காத்திருந்த வாக்கியம் அது. சரியாகக் காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகம் வந்தது. வாசலில் மரத்தடியில் கார் தெரிந்தது. ஷெட்டுக்குள் அது நிற்க வேண்டிய இடம் தெரிந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். அதில் எனக்குச் சமீபத்தில் மூன்று நாள் பயிற்சியும் இருந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடம் பார்த்துப் பழகிய பார்வை.

"கை மறக்கல" என்றேன்.

"என்ன அத்தான்?"

"உன் கை ஒண்ணும் மறக்கல. நீ ஊத்துனது டிரையர் இல்ல. என் கிராம்புத் தைலம்."

தூக்குகிறவர்களில் ஒருவர் மற்றவரிடம் ஏதோ கேட்கப்போனார், அவர் கையமர்த்தினார். சின்னவள் என் கையிலிருந்த புட்டியை வாங்கி, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, சீட்டைப் படித்தாள். பல் டாக்டர் பெயர். மேசையில் இருந்த புட்டியைப் படித்தாள். பல் டாக்டர் பெயர்.

"ரெண்டு ஸ்பூன் ஊத்தினேனே."

"ரெண்டு ஸ்பூன்."

"கிராம்புத் தைலம் ஒரு சொட்டு போட்டாலே நாள்கணக்குல ஈரமா கெடக்கும் அத்தான். காயக்கூடாதுன்னு நெனக்கிறவங்க போடுற சாமான் அது." மறுபடி புட்டியைப் பார்த்தாள். "அப்ப நீங்க பல்லுல வச்சது?"

"உன் டிரையர். அதான் மூணு நாள் வாய் பூட்டிக்கிச்சு."

சின்னவள் முகத்தில் இருபது நாளில் முதல்தடவையாக ஏதோ அசைந்தது. "அப்ப டிரையர் நல்லாத்தான் கலந்திருக்கேன்" என்றாள்.

"ரொம்ப நல்லா."

"எத்தன வருஷமா அந்தப் பல்லக் கட்டிக்கிட்டு அழறீங்க. பேசாம புடுங்கிப் போட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் திட்டு. நான் அதற்குமேல் எதிர்பார்த்து வந்ததால் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அவள் அதற்குள் படத்தின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்து, நகத்தால் விளிம்பைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தோடு சாம்பல் சுருண்டு வந்தது. அடியில் நாற்பதாவது பூச்சு அசையாமல் இருந்தது.

"படுக்கப் போடுங்க" என்றாள், அதிகாரியைப் பார்த்து. அவரும் மறுபேச்சில்லாமல் ஒரு மூலையைப் பிடித்தார். ஸ்டாண்டின்மேல் ஏறியது படம். சின்னவள் இழுவையை எடுத்து ரப்பரைத் துடைத்தாள்.

"அத்தான், அந்த முனையப் புடிங்க."

"இப்பவா?"

"இதுவரைக்கும் போட்டோம். இது எடுக்குறது. அழுத்திப் புடிச்சு வாங்க. நின்னீங்கன்னா அடியில உள்ளதும் போச்சு. பல்லு?"

"வலிக்கல."

"வலிச்சாலும் வலிக்கல."

அதிகாரி கையுறையைக் கசக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இழுத்தோம். முதல் இரண்டு அடி சாம்பல் ஓசையில்லாமல் மடிந்து ரப்பருக்கு முன்னால் திரண்டது. நாலாவது அடியில் என் கை கனத்தது. "வாங்க, வாங்க" என்றாள் அவள், கத்தாமல், கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோல. ஏழாவது அடியில் பல் வெட்டியது. வெட்டட்டும் என்று போனேன். எட்டாவது அடியில் இழுவை விளிம்பைத் தாண்டி, கீழே வைத்த டின்னில் அத்தனை சாம்பலும் தொப்பென்று விழுந்தது. நான் மூச்சு விட்டேன். கடைசியில்.

டர்பென்டைன் தொட்ட துணியால் அவள் ஒருமுறை துடைத்தாள். நாற்பதாவது பூச்சு அப்படியே இருந்தது. ஆனால் கத்தவில்லை. உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் மட்டும் சாம்பல் போய் உட்கார்ந்திருந்தது, முடி அளவில், படம் முழுக்க. அடங்கியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஓவியத்தைப் பற்றித் தெரிந்து சொன்ன ஒரே வாக்கியம் இது.

அதிகாரி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு நாலு மூலையிலும் நடுவிலும் தொட்டார். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை.

"காஞ்சிருக்குங்க" என்றார்.

"நாப்பது பூச்சும் காஞ்சிருக்கு" என்றாள் சின்னவள். "கை மறக்கல."

அரைமணி நேரத்தில் படம் வண்டியேறிவிட்டது. ஆறு மாதம் அந்தச் சுவரில் தொங்கியது. மூன்று முறை போய்ப் பார்த்தேன். நல்ல கூட்டம். முக்கோணமும் ஒருநாள் வந்து ரொம்ப நேரம் நின்றாராம். எங்கள் வாத்தியார்தான் பாவம், படம் முன்னால் நின்று தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் திரும்பி வந்தார்.

வண்டி போன மறுநாள் காலை, ஷெட்டை அளந்து பார்க்கலாம் என்று டேப்போடு போனேன். ஸ்டாண்டின்மேல் புதுசாகப் பத்தடிக் கேன்வாஸ் கிடந்தது.

"ஒரு மாசம் மட்டும் அத்தான்" என்றாள் சின்னவள். "அந்த முனையக் கொஞ்சம் புடிங்க."

காருக்கு இப்போது வலதுபக்கமும் நன்றாக வந்திருக்கிறது. வழித்தெடுத்த சாம்பல் ஒரு பிஸ்கட் டின்னில் ஷெட் அலமாரியில் இருக்கிறது. மூன்று வருடமாகியும் காயவில்லை. கடைவாய்ப் பல் வலித்தால் அதில் பஞ்சை ஒற்றி வைத்துக்கொள்கிறேன், நொடியில் கேட்கிறது.

என் கடைசிப் பல்லைப் பிடுங்கி, வருகிற மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது.